சண்டை நடக்கேக்க மேசையில கதை கூடினா: அறிகுறி பாத்துச் சரிப்படுத்துறது

டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் (ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமா நிண்டு டைஸ் உருட்டிக் கதை நடத்துற மேசை விளையாட்டு) விளையாடுற ஆக்களுக்கு இது தெரியும், ஊர் சுத்தேக்க, கடைக்காரனோட பேரம் பேசேக்க எல்லாம் வடிவாப் போகும், "எல்லாரும் இனிஷியேட்டிவ் உருட்டுங்கோ" எண்டு, அதாவது சண்டையில ஆர் முதல் ஆர் பிறகு எண்டு டைஸால பாருங்கோ எண்டு, டீஎம் (கதையை நடத்துறவர்) சொன்ன உடன மேசையைச் சுத்தி எல்லாரும் ஒரேயடியாக் கதைக்கத் தொடங்கிடுவினம், ஆர் அடிக்கிறது ஆர் ஓடுறது எண்டே விளங்காது. நாங்கள் கொக்குவில்ல ஒரு வீட்டு விறாந்தையில சனிக்கிழமைப் பின்னேரங்களில விளையாடுறம், அஞ்சு பேர் விளையாடுறது, நான் டீஎம். இந்தக் கரைச்சலோட நான் கனகாலம் மாரடிச்சிருக்கிறன், பிழையான மருந்தும் குடுத்துப் பாத்திருக்கிறன். அதால அறிகுறி அறிகுறியா எழுதுறன், உங்கட மேசையில எது நடக்குதோ அந்த இடத்துக்கு நேராப் போங்கோ.

முதல்ல ஒரு சோதினை

ஒண்டையும் மாத்த முதல் ஒரு சண்டை முழுக்க எழுதிப் பாருங்கோ. ஒரு கொப்பித்தாள்ல ரெண்டு பக்கமாப் பிரிச்சு, ஒரு பக்கம் ஆற்ற டேர்ன் எண்டும் மற்றப்பக்கம் அந்த நேரம் ஆர் கதைச்சது எண்டும் கோடு கோடாப் போடுங்கோ, ஃபோன்ல ஸ்டொப்வொட்ச் ஓடட்டும். மேசையில கதை கூட எண்டு நாங்கள் பொதுவாச் சொல்லுறம், ஆனா கதை எல்லாம் ஒரே சாதி இல்லை, அடுத்தவன்ர டேர்னைத் தின்னுற கதை வேற, தன்ர டேர்ன் வரும்வரைக்கும் பொழுது போகாமக் கதைக்கிற கதை வேற, உண்மையிலயே சண்டைக்கு உயிர் குடுக்கிற கதையும் இருக்கு. இதுகளுக்கு ஒரே மருந்து குடுத்தா ஒண்டு மாறும் மற்றது செத்துப்போகும். நான் பாக்கிறது ஒண்டே ஒண்டுதான், அந்த டேர்ன்ல கடைசி முடிவு ஆற்ற வாயால வந்தது. அது டேர்ன்காரன்ர வாயால வந்திருந்தா சுத்திவரச் சத்தம் இருந்தாலும் எனக்குப் பெரிசாப் பயமில்லை.

அறிகுறி: ஒருத்தற்ற டேர்ன்ல மற்ற எல்லாரும் முடிவெடுக்கினம்

ஆகலும் கூடச் சேதம் செய்யிறது இதுதான், அதால இதில கனநேரம் நிக்கப்போறன்.

எங்கட குரூப்புக்கு ஏஎல் எழுதி முடிச்ச ஒரு தம்பி புதுசா வந்தவர், ரோக் (ஒளிஞ்சு நிண்டு அடிக்கிற கள்ளன்) கேரக்டர் எடுத்தவர், அமைதியான பெடியன். அவற்ற டேர்ன் வந்தா அவர் வாய் திறக்க முதலே "தம்பி பின்னால போ", "இல்லையில்லை அங்க போகாத, ஸ்னீக் அட்டாக் வரும், பக்கத்தில மச்சான் நிக்கிறான்தானே", "டேய் முதல்ல அந்த வில்லுக்காரனை முடி" எண்டு மூண்டு பக்கத்தாலயும் வரும். ஸ்னீக் அட்டாக் எண்டா ரோக் அடிக்கேக்க கிடைக்கிற மேலதிகச் சேதம். அவர் எல்லாற்ற முகத்தையும் ஒருக்காப் பாப்பார், பேந்து ஆற்ற சத்தம் பெரிசோ அவர் சொன்ன இடத்தில பொம்மையை வைச்சிட்டு டைஸை உருட்டுவார். சண்டை வெண்டம், எல்லாருக்கும் சந்தோசம். மூண்டு கிழமை இப்பிடிப் போனது, நாலாம் கிழமை ஆள் வரேல்லை. கிளாஸ் இருக்கு எண்டு மெசேஜ் போட்டிருந்தார். நான் கோல் எடுத்துக் கேக்க, கொஞ்சநேரம் பேசாம இருந்திட்டுச் சொன்னார், "அண்ணை, நான் டைஸ் உருட்டத்தானே வாறனான், அதை ஆரும் உருட்டலாம்."

அது எனக்கு இண்டைக்கும் நோகுது, ஏனெண்டா மூண்டு கிழமையும் நான் மேசைத் தலைமாட்டில இருந்து பாத்துக்கொண்டுதான் இருந்தன், அவர் சிரிச்சபடியா எல்லாம் சரி எண்டு நினைச்சன்.

ஏன் இது நடக்குது எண்டா, அனுபவமான ஆக்கள் கெட்டவை எண்டபடியா இல்லை. அவைக்கு நல்ல வழி பளிச்செண்டு தெரியுது, முன்னால ஒருத்தர் அதை விட்டிட்டு வேற செய்யப் போகேக்க வாய் தானா வருது, கிரவுண்டுக்கு வெளியில நிண்டு மட்ச் பாக்கிறவன் "ஓடடா ஓடு" எண்டு கத்துற மாதிரித்தான். எங்கட ஊரில இதுக்கு மேல இன்னொண்டும் இருக்கு, வயசு. அண்ணை ஒராள் "உதைச் செய்யாத" எண்டு சொன்னா, இருபது வயசுப் பெடியன் எல்லாருக்கும் முன்னால "இல்லையண்ணை, நான் இதைத்தான் செய்யப்போறன்" எண்டு சொல்லமாட்டான், அப்பிடி வளர்ந்த பிள்ளையள் நாங்கள். பெட்டையள் ரெண்டு பேர் புதுசா வந்திருந்தா இன்னும் மோசம். அதால "பிடிக்காட்டி வேண்டாம் எண்டு சொல்லட்டும்தானே" எண்டு அவையின்ர தலையில கட்டக்கூடாது, தடுக்கவேண்டியது டீஎம்தான்.

நாங்கள் செய்தது இது. கேட்டா மட்டும் சொல்லுறது. டேர்ன்காரருக்கு யோசினை வேணுமெண்டா உள்ளங்கையை மேல பாத்து மேசையில வைக்கவேணும், கை அப்பிடி வந்தாத்தான் மற்றவை வாய் திறக்கலாம், கை வராட்டி ஒருத்தரும் மூச்சு விடக்கூடாது. வாயால "உதவி தாங்கோ" எண்டு கேக்கிறதுக்குக் கூச்சப்படுற ஆக்கள் கையை வைக்கக் கூச்சப்படேல்லை, இதை நான் எதிர்பாக்கேல்லை, ஆனா நல்லா வேலை செய்தது.

ரெண்டாவது, விதியையும் முடிவையும் பிரிச்சது. "இப்ப எனக்கு ஸ்னீக் அட்டாக் வருமா?" எண்டு தம்பி கேட்டா அது விதிக் கேள்வி, "ஓம், உன்ர ஆளொருத்தன் அவனுக்கு அஞ்சடிக்குள்ள நிக்கிறான், வரும்" எண்டு ஆர் வேணுமெண்டாலும் சொல்லலாம், சொல்லிப்போட்டு அங்கயே நிப்பாட்டவேணும். "அப்ப அவனை அடி" எண்டு ஒரு வால் சேர்ந்தா அது முடிவு, அது அவன்ர. இந்த வால்தான் எல்லாக் கரைச்சலுக்கும் மூலம், அறிவுரை சொல்லுற ஆக்கள் தாங்கள் விதிதான் சொல்லுறம் எண்டு மனசார நம்பிக்கொண்டு வாலையும் விடுவினம்.

மூண்டாவது, ஆறு செக்கன். 2014ல வந்த டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் அஞ்சாம் பதிப்பில ஒரு ரவுண்ட் (எல்லாருக்கும் ஒவ்வொரு டேர்ன்) எண்டா விளையாட்டுக்குள்ள ஆறு செக்கன்தான், தன்ர டேர்ன்ல கேரக்டர் சின்னச் சின்னச் சொல்லாலயும் சைகையாலயும் மற்றவைக்குத் தெரியப்படுத்தலாம் எண்டு புத்தகத்திலயே கிடக்கு. பாத்ஃபைண்டர் எண்ட இதே மாதிரி விளையாட்டின்ர ரெண்டாம் பதிப்பு, 2019ல வந்தது, இன்னும் தெளிவாச் சொல்லுது, கதைக்கிறதுக்கு அக்ஷன் (டேர்னில செய்யேலுற செயல்) ஒண்டும் போகாது, ஆனா ஆறு செக்கன் ரவுண்டில ஒரு வசனம் மட்டிலதான் சொல்லேலும் எண்டு. அப்ப உங்கட ஃபைட்டர் ரோக்குக்கு என்னவும் சொல்லவேணுமெண்டா கேரக்டரா நிண்டு கத்தட்டும், "இடப்பக்கம் தூணுக்குப் பின்னால ஒருத்தன் ஒளிஞ்சு நிக்கிறான்!" இதை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கோ, நாலு செக்கனும் வராது. ஆனா "நீ முதல்ல டிஸ்என்கேஜ் எடுத்து அந்த மூலைக்குப் போ, அப்ப அவனுக்கு ஒப்பர்சூனிற்றி அட்டாக் வராது, பேந்து போனஸ் அக்ஷன்ல ஒளி, அடுத்த ரவுண்டில அட்வான்டேஜ் வரும்" எண்டுறதை ஆறு செக்கனுக்குள்ள சொல்லேலாது, வாள்வெட்டுக்கு நடுவில அப்பிடி ஒருத்தனும் சொல்லவும் மாட்டான். பழைய அட்வான்ஸ்ட் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் விளையாடுறவை கொஞ்சம் தளர்த்தலாம், அதில ஒரு ரவுண்ட் முழுசா ஒரு நிமிசம்.

நாலாவது எனக்கு ஆகலும் பிடிச்சது. சண்டை நடக்கேக்க அண்ணை தம்பி அக்கா இல்லை, கேரக்டர் பேர்தான். எங்கட கதையில அந்தத் தம்பியின்ர ரோக்கை ஒரு படகுக்குக் கப்டனாக்கினன், கதைக்காகத்தான் செய்தது, ஆனா அதுக்குப் பிறகு அவரை விடப் பன்ரெண்டு வயசு மூத்தவர் "கப்டன், என்ன செய்வம்?" எண்டு கேக்கத் தொடங்கினார். அந்தக் கேள்விதான் எல்லாத்தையும் மாத்தினது. ஓம், தம்பி திரும்பி வந்தவர்.

இனி அந்த அறிவுரை சொல்லுற ஆளுக்கும் ஒரு வேலை குடுங்கோ, சும்மா வாயை மூடு எண்டு விட்டா அது அவருக்கும் தண்டனை. இனிஷியேட்டிவ் வரிசை வாசிக்கிறது, எந்த மான்ஸ்டருக்கு என்ன ஸ்பெல் (மந்திரம்) பிடிச்சிருக்கு எண்டு எழுதி வைக்கிறது, பிளெஸ் எண்ட ஸ்பெல் போட்டா "டீஃபோர் சேர், டீஃபோர் சேர்" எண்டு நாலுபக்க டைஸை ஞாபகப்படுத்துறது, இதெல்லாம் விதி நல்லாத் தெரிஞ்ச ஆளுக்குத் தோதான வேலை. 1974ல முதல் வந்த விதிப்புத்தகத்தில காட்டின மாதிரி விளையாட்டில கோலர் எண்டு ஒராள்தான் எல்லாருக்குமாச் சேர்த்து நடுவரோட கதைப்பார், 1981ல வந்த பேசிக் புத்தகத்திலயும் கோலர் இருந்தவர். அதுவும் ஒரு வழிதான், பத்துப் பன்ரெண்டு பேர் விளையாடினா விளங்கிக்கொள்ளலாம். அஞ்சு பேர் இருக்கிற மேசையில எனக்கு அது விருப்பமில்லை, ஒராள் கதைக்க நாலு பேர் பாத்துக்கொண்டிருக்கிறதுக்கு ஆரும் சனிக்கிழமை பின்னேரம் சைக்கிள் உழக்கி வரவேண்டாம்.

அறிகுறி: தன்ர டேர்ன் வந்ததே தெரியாம "என்ன, என்ன நடந்தது?" எண்டு கேக்கினம்

ஃபோன் பாக்கினம், கிரிக்கெட் ஸ்கோர் கதைக்கினம், ஆற்றையோ கலியாணவீட்டுக் கதை வருது. இதை மரியாதைக் குறைவு எண்டு எடுத்துக் கோவிச்சா பிழை. கணக்குப் பாருங்கோ, அஞ்சு பேர், டீஎம்மின்ர மான்ஸ்டரோட ஆறு டேர்ன், ஒரு டேர்னுக்கு மூண்டு நிமிசம் எண்டா ஒரு ரவுண்ட் 18 நிமிசம், ஒருத்தர் தன்ர மூண்டு நிமிசத்துக்காக 15 நிமிசம் காத்திருக்கிறார். பதினைஞ்சு நிமிசம் சும்மா இருக்கச் சொன்னா ஆரும் கதைப்பினம். கதை நோய் இல்லை, காத்திருக்கிறதுதான் நோய்.

அதால டேர்னைச் சுருக்கவேணும். நான் ஒவ்வொரு தரமும் ரெண்டு பேர் பேரைச் சொல்லுறன், "இப்ப கிளெரிக், அடுத்தது விசார்ட் ஆயத்தமா இருங்கோ", இந்த ஒண்டுக்கே பாதி குறைஞ்சது (கிளெரிக் காயம் ஆத்துற பூசாரி, விசார்ட் மந்திரவாதி). மட்டையை மடிச்சுப் பேர் எழுதி என்ர மறைப்பில வரிசையாக் கொழுவி விட்டிருக்கிறன், எல்லாருக்கும் தெரியும் ஆருக்குப் பிறகு தாங்கள் எண்டு. அடிக்கிற டைஸையும் சேதத்துக்கான டைஸையும் ஒரே கையில உருட்டுங்கோ, பட்டா எண்ணுறது படாட்டி விடுறது. எங்களிட்ட முதல் ஒரே ஒரு செட் டைஸ்தான் இருந்தது, கொழும்பில இருந்து ஒராள் கொண்டந்தது, அது மேசையைச் சுத்திக் கைமாறிக் கைமாறி வரவே நேரம் மினக்கெட்டது, பேந்து ஆளுக்கு ஒரு டீட்வென்ரி (இருபதுபக்க டைஸ்) எண்டாலும் வேணும் எண்டு காசு சேர்த்து எடுப்பிச்சம். அதுக்கு வழியில்லாட்டி ஃபோன்ல டைஸ் அப் போடலாம், ஆனா ஃபோன் கையில வந்தா ஸ்கோரும் வரும், நான் சொல்லிப்போட்டன்.

தேத்தண்ணி வந்தா விளையாட்டை நிப்பாட்டுங்கோ. அந்த வீட்டு அம்மா தேத்தண்ணியும் பருத்தித்துறை வடையும் கொண்டந்து வைக்க, நான் "சரி சரி, உன்ர டேர்ன்" எண்டு இழுத்துக்கொண்டு போறனான், ஒருத்தரும் கேக்கமாட்டினம், வடை கடிக்கிற சத்தத்தில எனக்கே டைஸ் எண் கேக்காது. இப்ப கால் மணித்தியாலம் முழுசா விடுறம், கலியாணவீட்டுக் கதை கிரிக்கெட் கதை எல்லாம் அதுக்குள்ள முடியும், பிறகு மேசைக்கு வரேக்க வாய் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அறிகுறி: கேரக்டருக்குத் தெரியாத விசயத்தை ஆள் சொல்லுறார்

விசார்ட் கீழ் அறையில பூட்டுப்பட்டுக் கிடக்கிறார், மேல நடக்கிற சண்டையில "கதவுக்குப் பின்னால ரெண்டு பேர் எண்டு டீஎம் என்னட்டச் சொன்னவர்" எண்டுறார். இல்லாட்டி கிளெரிக் சுழண்டு விழுந்து கிடக்கிறா, கிடந்தபடியே "என்னை விடுங்கோ, முதல்ல அந்த மந்திரவாதியைப் பிடியுங்கோ" எண்டு ஓடர் போடுறா.

304 எண்ட காட்ஸ் விளையாட்டு விளையாடின ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. துரும்பைக் கவிட்டு வைச்சபிறகு பாட்னரைப் பாத்துக் கண்ணைக் காட்டுறது, காட்ஸைக் கொஞ்சம் அழுத்திப் போடுறது, "ம்ம்" எண்டு செருமுறது, இதுக்கு எங்கட பெரியாக்கள் மேசையைத் தட்டிக்கொண்டு எழும்பிப் போனதை நான் சின்னனில பாத்திருக்கிறன். நாலு சாதியிலயும் சாதிக்கு 76 எண்டு மொத்தம் 304 புள்ளி, அதில ஒரு ஜாக் 30 புள்ளி, அது ஆற்ற கையில எண்டு தெரிஞ்சா விளையாட்டு முடிஞ்சுது. ஆனா 304ல எதிரில இருக்கிற ரெண்டு பேருக்கு அநியாயம் நடக்குது. எங்கட மேசையில எதிராளி எண்டு ஒருத்தரும் இல்லை, நான் டீஎம், அவை வெண்டா எனக்கும் சந்தோசம்தான். அப்ப இதைக் களவு மாதிரிப் பிடிச்சுப் பேசுறது சரியில்லை. இங்க பறிபோறது வேறொண்டு. மெசேஜ் எண்டு ஒரு கன்ட்ரிப் (சின்ன ஸ்பெல்) இருக்கு, 120 அடிக்குள்ள குசுகுசுப்பா ஒரு சேதி அனுப்பலாம், அதுக்கு ஒரு அக்ஷன் போகும். ரெலிபதிக் பொண்ட் எண்டு அஞ்சாம் லெவல் ஸ்பெல் இருக்கு, எட்டுப் பேர் வரை ஒரு மணித்தியாலம் மனசால கதைக்கலாம். இதை ஒரு பிள்ளை தேடித் தேடி எடுத்து வைச்சிருக்க, மற்றவை சுவருக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் சும்மாவே கதைச்சா அந்தப் பிள்ளையின்ர ஸ்பெல் வீணாப்போச்சு. நான் இந்த ஒரு காரணத்தைத்தான் மேசையில சொன்னனான், உடன விளங்கிச்சு. அதே மாதிரி ஆராவது ரெலிபதிக் பொண்ட் போட்டிட்டா அந்தச் சண்டை முழுக்க விரும்பின அளவுக்குக் கதைக்க விடுங்கோ, அவை அதுக்குச் செலவழிச்சிருக்கினம்.

விழுந்து கிடக்கிறவைக்கு ஒரு வேலை வேணும். சுழியம் ஹிட் பொயின்ட்ல (உயிர்ப்புள்ளியில) கிடந்தா மூண்டு வெற்றியோ மூண்டு தோல்வியோ வாறவரைக்கும் டேர்னுக்கு ஒருக்கா டெத் சேவ் (ஆள் பிழைக்குமோ எண்டு பாக்கிற டைஸ்) உருட்டுறது மட்டும்தான், அதுக்குள்ள வாய் கடிக்கத்தான் செய்யும். நான் அவையிட்ட கொப்ளின் எண்ட குட்டி மான்ஸ்டர் ரெண்டைக் குடுத்திடுவன், "இந்த ரெண்டையும் நீங்கள் ஓட்டுங்கோ." எங்கட கிளெரிக் அக்கா கொப்ளின் ஓட்டின அண்டைக்கு எங்கட பெடியள் நான் அடிக்கிறதை விடக் கூட அடி வாங்கினவை, அவ அவையின்ர பலவீனம் எல்லாம் தெரிஞ்சவ.

ஹிட் பொயின்ட் எண்ணிக்கை சொல்லலாமோ எண்டு சில மேசையளில பெரிய சண்டையே நடக்கும். நாங்கள் "அரைவாசிக்குக் கீழ" எண்டு மட்டும் சொல்லுறம். 2008ல வந்த நாலாம் பதிப்பில இதுக்கு பிளடீட் எண்டே பேர் இருந்தது, 2024 புத்தகத்தில திரும்பவும் வந்திருக்கு, அரைவாசியோ அதுக்குக் கீழயோ போனா பிளடீட். கிளெரிக்குக்கு அவ்வளவும் போதும்.

அறிகுறி: ஒரு ஃபயர்பாலுக்கு இருபது நிமிசத் திட்டம்

ஃபயர்பால் எண்டா விசார்ட் எறியிற நெருப்புக் குண்டு, இருபதடி ஆரை, அஞ்சடிக் கட்டத்தில நாலு கட்டம், எட்டு டீசிக்ஸ் (ஆறுபக்க டைஸ்) சேதம், ஆர் ஆர் உள்ளுக்க மாட்டுவினம் எண்டு எல்லாரும் எழும்பி நிண்டு மேசைக்கு மேல குனிஞ்சு கட்டம் எண்ணுவினம். எனக்கு இது பிடிக்கும், உண்மையா. அஞ்சு பேர் ஒண்டாச் சேர்ந்து யோசிக்கிறதைப் போல வடிவான காட்சி இல்லை, அதால இதை நான் முழுசா வெட்டுறேல்லை. ஒரு சண்டைக்கு ஒருக்கா, ஃபோன்ல ரெண்டு நிமிசம் வைச்சு, எல்லாரும் கூடிக் கதைக்கலாம், அலாரம் அடிச்சா விசார்ட் தன்ர முடிவைச் சொல்லவேணும். கதவைத் திறக்க முதல் எவ்வளவு நேரமும் திட்டம் போடுங்கோ, திறந்தபிறகு ஒருக்கா.

அதுக்கு மேல சத்தமாத் திட்டம் போட்டா எதிரிக்கும் கேக்கும். அஞ்சாம் பதிப்பில கொப்ளினுக்குக் கொமன் எண்ட பொதுமொழி தெரியும். கொழும்பு பஸ்ஸில ரெண்டு பேர் தமிழ்ல கதைச்சுக்கொண்டு போக, பக்கத்தில இருந்தவர் இறங்கேக்க "போட்டு வாறன் தம்பி" எண்டு சொல்லிப்போட்டு இறங்கின மாதிரித்தான். ஒருக்கா எங்கட ஆக்கள் "பாலத்தில வைச்சு மறிப்பம்" எண்டு உரத்துக் கத்த, நான் கொப்ளின்களைப் பாலத்துக்குக் கிட்டவே கொண்டுபோகேல்லை. அடுத்த கிழமை ரெண்டு பேர் டிவார்விஷ் எண்ட குள்ளர் மொழியில கதைக்கத் தொடங்கினவை, அதுக்குப் பிறகு மொழி எண்டுற பகுதி கேரக்டர் தாள்ல சும்மா கிடக்கேல்லை. ஒரு எச்சரிக்கை: இதை முதலே சொல்லிப்போட்டுச் செய்யுங்கோ, சொல்லாமச் செய்தா அவைக்குப் பழிவாங்கின மாதிரி இருக்கும்.

அறிகுறி: விதியில தர்க்கம்

இது கெதியா முடியிற விசயம். டீஎம் அந்த இடத்திலயே ஒரு முடிவு சொல்லவேணும், ஒரு தாள்ல எழுதி வைக்கவேணும், தேத்தண்ணி நேரத்தில பாக்கவேணும். அஞ்சாம் பதிப்பின்ர அடிப்படை விதி ஆவணம் 2023ல இருந்து கிரியேட்டிவ் கொமன்ஸ் உரிமத்தில இருக்கு, காசில்லாம எடுத்து ஃபோன்ல பீடிஎஃப்பா வைச்சிருக்கலாம், டேட்டா இல்லாட்டியும் திறக்கும், கரண்ட் போனாலும் திறக்கும். ஒரேயொரு விதிவிலக்கு, அந்த விதியால ஒரு கேரக்டர் சாகப்போகுது எண்டா அங்கயே நிப்பாட்டி வாசியுங்கோ.

அறிகுறி: ஒன்லைனில சேருறவற்ற குரல் எப்பவும் பிந்தி வருது

ரொறன்ரோவில இருந்து ஒரு மச்சான் எங்களோட சேருறவர், இங்க சனிக்கிழமை பின்னேரம் ஆறு மணி எண்டா அங்க கோடையில காலமை எட்டரை, மாரியில ஏழரை, கோப்பியோட நித்திரைத் தூக்கத்தில இருப்பார். லைன் பிந்துறபடியா அவர் சொல்லுறது அடுத்தவற்ற டேர்னுக்குள்ள வந்து விழும், ரெண்டு குரல் மோதும், ரெண்டும் விளங்காது, அவர் குறுக்க கதைக்கிறார் எண்டு இங்க இருக்கிறவைக்கு எரிச்சல், தன்னை ஒருத்தரும் கேக்கினமில்லை எண்டு அவருக்கு எரிச்சல். லப்டொப்பை மேசை மூலையில இருந்து எடுத்து மேசை நடுவுக்கு, ஒரு ஆள் இருக்கிற இடத்தில வைச்சம். அவர் சொல்லவேண்டியதைச் சண்டை நேரத்தில எழுதிப் போடுவார், ஒரு வசனம், அதை அவற்ற டேர்ன் வாறவரைக்கும் வைச்சிராம நான் வாசிப்பன். அவற்ற டேர்ன் வந்தா அஞ்சு செக்கன் எல்லாரும் அமைதி. அவ்வளவுதான்.

அறிகுறி: சத்தமே இல்லை

இது என்ர கையால நடந்தது. தம்பி வாறதை நிப்பாட்டின பிறகு எனக்கு ஆத்திரம், அடுத்த கிழமை வந்து "இனிச் சண்டையில மற்றவன்ர டேர்ன்ல ஒருத்தரும் ஒரு சொல்லும் கதைக்கேலாது" எண்டு சட்டம் போட்டன். அண்டைக்கு விளையாட்டு வங்கியில நம்பர் கூப்பிடுற மாதிரி நடந்தது, ஆள் வரும், டைஸ் உருளும், "பதினாலு, படேல்லை", அடுத்த ஆள். ஒருத்தரும் சிரிக்கேல்லை, ஒருத்தன் டீட்வென்ரில இருபது உருட்டினான், மேசையில ஒரு "ஹோய்" கூட இல்லை, அவன் என்னைப் பாத்தான், நான் தாளைப் பாத்தன். பிறகு அக்கா ஒருத்தி வந்து சொன்னவ, "நாங்கள் கதைக்கத்தானே வாறம், உதுக்கு ஃபோன்ல ஒரு கேம் விளையாடலாம்."

உங்கட மேசை இப்பிடி ஆகியிருந்தா சட்டத்தை வாய்விட்டுத் திருப்பி எடுங்கோ, சும்மா தளர்த்தினா ஆக்கள் பயந்துகொண்டுதான் இருப்பினம். நான் எல்லாருக்கும் முன்னால "அது பிழை, மன்னிக்கோணும்" எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு ஒவ்வொரு டேர்ன் முடிவிலயும் ஒராளிட்டக் கேட்டன், "இதைப் பாத்துக்கொண்டிருக்கிற உன்ர ஆள் என்ன கத்துறான்?" முதல்ல கூச்சம், ரெண்டாவது சண்டைக்குள்ள கேக்காமலே கத்தத் தொடங்கினவை. ஒராள் அடிச்சு விழுத்தினா மற்றவை கத்துறது, ஒண்டு உருட்டினா எல்லாரும் "ஐயோ" எண்டுறது, விழுந்தவளின்ர பேரைச் சொல்லிக் கூப்பிடுறது, இதெல்லாம் ஆற்ற முடிவையும் தின்னாது. இந்தக் கதையை வெட்டாதேங்கோ.

இதெல்லாம் செய்தும் ஒராள் நிப்பாட்டாட்டி

மேசையில வைச்சுச் சொல்லாதேங்கோ, குரூப் சாட்டில கட்டாயம் போடாதேங்கோ, வயசில மூத்தவர் எண்டா எல்லாருக்கும் முன்னால அவருக்கு அது தாங்கேலாது, பேந்து ஊருக்குள்ள முகம் பாக்கிறதும் கஸ்டம். விளையாட்டு முடிஞ்சு எல்லாரும் வெளிக்கிடேக்க அவரோட படலை வரைக்கும் நடவுங்கோ. என்ன பிழை விட்டவர் எண்டு தொடங்கவேண்டாம், அவற்ற திறமையால மற்றவைக்கு இடமில்லாமப் போறதை ஒரு உதாரணத்தோட சொல்லுங்கோ, ஒண்டு போதும், மூண்டு சொன்னா அது குற்றப்பத்திரிகை.

நான் எங்கட அண்ணையிட்டச் சொன்னது இவ்வளவுதான், "அண்ணை, இண்டைக்கு மூண்டாம் ரவுண்டில தம்பி ஏதோ சொல்ல வாய் திறந்தவன், நீங்கள் முந்திட்டியள், அவன் என்ன சொல்ல வந்தவன் எண்டு எனக்கு இன்னும் தெரியாது." அவர் மோட்டச்சைக்கிளை உதைக்காமக் கொஞ்சநேரம் நிண்டார். பேந்து "நானும் கேக்கேல்லை என்ன" எண்டார். அடுத்த சனிக்கிழமை தம்பியின்ர டேர்ன் வந்தது, பெடியன் கையை மேல பாத்து வைக்கேல்லை, கட்டத்தைப் பாத்துக்கொண்டு கனநேரம் யோசிச்சான், அண்ணை ரெண்டு கையையும் மேசைக்குக் கீழ வைச்சுக்கொண்டு வடையைக் கூடத் தொடாம இருந்தவர், பிறகு பெடியன் பொம்மையைத் தூக்கி நாங்கள் ஒருத்தரும் நினைச்சிராத ஒரு கட்டத்தில, பாலத்துக்குக் கீழ, தண்ணிக்குள்ள கொண்டுபோய் வைச்சான்.